அளந்து ஊற்றிய கை

மகளின் தண்ணீர் பாட்டிலைத் திறந்த அம்மா அதைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆரஞ்சுச் சாற்றின் மணத்துக்கு அடியில் இன்னொரு நெடி இருந்தது. அது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் கூடத்தில் அந்த நெடிதான். பள்ளிக்கூடப் பைக்குள்ளிருந்து அது வந்ததுதான் புதிது.

மகள் உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாயோரம் உலர்ந்திருந்ததை அம்மா ஈரத்துணியால் துடைத்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை. பதினாறு வயது இன்னும் முடியவில்லை. துறுதுறுவென்று எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பாள் என்பதால் சின்ன வயதில் வைத்த ‘வாலு’ என்ற பெயர் தெருமுழுக்க நிலைத்துவிட்டது.

பள்ளியிலிருந்து கூப்பிட்டபோது அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிசகிய சட்டைகளைக் கழித்துப் போடுவது அவள் வேலை. மகள் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றுதான் சொன்னார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “மயக்கமில்லம்மா. நீங்களே கிட்ட போய்ப் பாருங்க.”

ஒயரிங் காண்ட்ராக்டரான அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“எந்தெந்த டீச்சருக்குத் தெரியும்?”

மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் அவர் கேட்பார் என அம்மா எதிர்பார்த்திருந்தாள்.

“ரெண்டு பேருக்கு.”

“அல்சர்னு சொல்லிடு. மருந்து ஒத்துக்கலன்னு சொல்லு. பொண்ணு விஷயம். வெளிய போச்சுன்னா அப்புறம் அள்ள முடியாது.”

அவருடைய அக்கா போனில் வந்தாள். காண்ட்ராக்டர் போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

“பொம்பளப் புள்ள இப்படிப் பண்ற வரைக்கும் பெத்தவ என்ன பண்ணிட்டிருந்தா? வேலைக்குப் போறேன் வேலைக்குப் போறேன்னு வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போனா வேற எப்படி ஆகும்?”

“பள்ளிக்கூடத்துலதான அண்ணி குடிச்சிருக்கா” என்றாள் அம்மா.

“எடுத்தது எங்கேருந்து? வீட்லேருந்துதான?”

பதில் கூடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

காண்ட்ராக்டர் துளைபோடும் கருவியை எடுத்துவந்தார். கைத்தொழில் தெரிந்த மனிதர். கொஞ்ச நேரத்தில் அலமாரிக்குப் பூட்டுப் பொருத்தி, விழுந்த மரத்தூளைக் கையால் கூட்டி அள்ளி, சாவியைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

“முடிஞ்சுது” என்றார்.

அன்றைக்கும் ஏழு மணிக்கு அவருடைய நண்பர்கள், ஹார்டுவேர் கடைக்காரரும் பெயிண்டரும், வந்தார்கள். காண்ட்ராக்டர் புதுப் பூட்டைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மறக்காமல் திரும்பப் பூட்டினார்.

இதே வீட்டில் இரண்டு வருஷம் முன்பு மூத்தவன், பாலிடெக்னிக் படிக்கிறவன், கால் பின்னத் தள்ளாடிக்கொண்டு வந்து வாசலில் வாந்தி எடுத்தான். அப்போது காண்ட்ராக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரு ரவுண்டுக்கே தாங்கலியாடா? நம்ம குடும்பத்துப் பேரையே கெடுத்துடுவ போலிருக்கே” என்று முதுகில் தட்டினார். வாசலைக் கழுவிவிட்டது அம்மா. அதை யாரும் அல்சர் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

பூட்டுப் போட்டபின் வீடு அமைதியாகத்தான் இருந்தது. வாலு பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். அம்மாவும் மூச்சு விடத் தொடங்கினாள். ஒருநாள் விருந்தாளிகள் எழுந்துபோன பிறகு, மறந்துபோன கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு அம்மா கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பியபோது, வாலு பாத்திரத் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கழுவ வேண்டிய தம்ளர்கள் ஐந்தாறு இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மிஞ்சியிருந்ததை அவள் ஒரே தம்ளரில் சேர்த்து வடித்தாள். பிறகு மருந்து குடிக்கிறவளைப்போல மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். உடனே குழாயைத் திறந்து தம்ளர்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.

பாட்டிலுக்குப் பூட்டு இருந்தது. எச்சில் தம்ளரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய்க் குழாயை மூடினாள்.

“எனக்கே பிடிக்கலம்மா” என்றாள் அவள். “ஆனா அந்த நேரம் ஆனா வேணும்போல இருக்கு. நான் என்ன பண்றது?”

மறுநாள் காலை யாரிடமும் கேட்காமல் அம்மா அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். இளையோருக்கான குடிமீட்புப் பிரிவு பின்பக்கக் கட்டடத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இருந்தது. அங்கே இருந்த ஆலோசகர் அம்மாளுக்கு ஓயாத ஜலதோஷம். பேச்சுக்கு நடுவே தும்மிக்கொண்டே இருந்தார். அந்தத் தும்மலைக் கண்டு வாலுவுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஆலோசகர் வாலுவோடு தனியாக நெடுநேரம் பேசிவிட்டு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

“வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் வரணும். இவ மட்டுமில்ல. வீட்ல இருக்கிற எல்லாரும்.”

“எல்லாரும்னா? குடிச்சது இவதானங்க.”

“வாரத்துக்கு ஒரு மணி நேரம் இவ எங்ககூட இருப்பா. மிச்ச நேரமெல்லாம் உங்ககூடதான இருக்கப் போறா? நான் யாருக்கும்மா வைத்தியம் பாக்கணும்?”

“அவங்க அப்பா வரமாட்டாரு.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

அம்மா கேட்கவில்லை. கேட்காமலே பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்பதை அவள் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம், நண்பர்கள் வருவதற்கு முன்னால், கேட்டாள்.

காண்ட்ராக்டருக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, திகைப்பு.

“ஆஸ்பத்திரில பேரு குடுத்துட்டியா?”

“குடுக்காம எப்படிங்க பாப்பாங்க?”

“நான் என்ன குடிச்சுட்டு ரோட்ல விழுந்து கெடக்குறேனா? என் உழைப்பு, என் வீடு, என் அளவு. ஒருநாளாவது வேலைக்குப் போகாம இருந்திருக்கேனா? உன்மேல கை நீட்டியிருக்கேனா?”

இரண்டும் உண்மைதான். அதனால்தான் இத்தனை வருஷமும் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. கை நீட்டாத புருஷன், வேலைக்குத் தவறாத புருஷன். அதற்குமேல் ஒரு பெண் என்ன கேட்பாள் என்றுதான் அவளைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

“உங்களக் குத்தம் சொல்லலங்க. வந்து உக்காந்தா போதும்னு சொல்றாங்க.”

“உன் வளர்ப்பு. நீ போய் உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள். சனிக்கிழமை பாதி நாள் கூலியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அல்சரைச் சொல்ல வாயெடுத்தவள், “பொண்ணுக்கு வைத்தியம்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். மூத்தவனையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அவன் போனைப் பார்த்தபடியே வந்தான்.

அந்த அறையில் வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களில் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் அநேகமாக அம்மாக்கள். ஒரு பெரியம்மா. ஒரு அக்கா. ஆண் என்று பார்த்தால் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற ஒருவர். மனைவியை இழந்தவர், அதனால் அவர்தான் வந்தாக வேண்டியிருந்தது. மற்ற அப்பாக்களுக்கெல்லாம் வேலை இருந்தது, உடம்பு சரியில்லை, அல்லது அவர்கள் ஊரில் இல்லை. அம்மாக்கள் ஒவ்வொருவராக அந்தக் காரணங்களைச் சொன்னபோது, ஒருத்தி சொன்னதையே மற்றவள் கொஞ்சம் மாற்றிச் சொல்வதுபோல இருந்தது. முடிவெட்டுபவர் தன் மகனைப் பார்த்து, “நல்லவேள உங்கம்மா இல்ல. இருந்திருந்தா நானும் வந்திருக்க மாட்டேன்” என்றார். யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் வாலு வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம், எப்படி ஆரம்பித்தது என்ற பேச்சு வந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நான்தான் ஊத்துவேன்.”

“யாருக்கு?” என்றார் ஆலோசகர்.

“அப்பாக்கு. அவர் ஃப்ரெண்ட்ஸுக்கு. நாலாவது படிக்கிறப்பலேருந்து. ஐஸ் போட்டு, அளந்து ஊத்தி, தண்ணி கலந்து குடுப்பேன். யாருக்கு எவ்வளவுன்னு எனக்குத்தான் தெரியும். ஹார்டுவேர் மாமா, ‘இது கையா, தராசா’ன்னு கேப்பாரு. எம்பொண்ணு ஊத்துனாதான் எனக்கு எறங்கும்னு அப்பா சொல்வாரு. எல்லாரும் கை தட்டுவாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் ரேங்க் வாங்கினப்ப யாரும் கை தட்டல. அதான் எனக்கு அது பிடிச்சுது. குடிக்கிறது இல்ல. ஊத்துறது. அப்புறம் ஒருநாள், எல்லாரும் இவ்வளவு சந்தோஷமா இருக்காங்களே, அதுல என்னதான் இருக்குன்னு…”

மூத்தவன் போனை மடியில் கவிழ்த்து வைத்தான்.

ஆலோசகர் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் பார்த்தார்கள். மகள் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டாள் என்று அம்மாவுக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாள்.

“நான்தான் அனுப்பினேன்” என்றாள் அம்மா. “எனக்கு அந்த ஆளுங்க முன்னாடி போய் நிக்கப் பிடிக்காது. ஒருத்தரு ஒரு மாதிரிப் பேசுவாரு. குழந்ததான, ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு ஐஸ் தட்ட இவ கையில குடுத்து அனுப்பினேன். நான் தப்பிச்சுக்கிட்டேன். இவள மாட்டி விட்டுட்டேன்.”

வாலு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதது மூத்தவன்தான். முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சின்னப் பையனைப்போல அழுதான்.

அன்று மாலையும் கூடத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அம்மாவும் பிள்ளைகளும் உள்ளறையில் இருந்தார்கள். வாலு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காண்ட்ராக்டர், மகள் மூன்று வாரமாக எங்கே போய் வருகிறாள் என்பது தெரிந்தும், நாற்காலியில் சாய்ந்தபடி பழைய பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

“வாலு, ஐஸ் எடுத்துட்டு வாம்மா.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நினைத்துக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அதைவிடக் கொடுமை, வாலு பென்சிலை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். கால் தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. இரண்டடி வைத்தபின்தான் தான் என்ன செய்கிறோம் என்று புரிந்து அப்படியே நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“உக்காந்து கணக்கப் போடு” என்று சொல்லிவிட்டு அம்மா கூடத்துக்குப் போனாள்.

கையில் ஐஸ் தட்டு இல்லாமல் அவள் வந்து நின்றதைப் பார்த்துப் பெயிண்டர் காலை இழுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றதில்லை.

“அண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்லணும்” என்றாள். குரல் தொழிற்சாலையில் பேசுவதுபோல ஒரே சீராக இருந்தது. “எம்பொண்ணுக்கு அல்சர் இல்ல. குடிப்பழக்கம். இந்தக் கூடத்துல உங்களுக்கு ஊத்திக் குடுத்துக் குடுத்துப் பழகினது. ஆஸ்பத்திரில வைத்தியம் நடக்குது. இனிமே இந்த வீட்ல யாரும் குடிக்க வேண்டாம். கோவிச்சுக்காம எழுந்திருங்க.”

“உள்ள போ” என்றார் காண்ட்ராக்டர்.

“போறேங்க. அவங்க எழுந்ததும் போறேன்.”

பெயிண்டர் செருப்பைத் தேடினார். ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் கையிலிருந்த தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

காண்ட்ராக்டர் அவளை அடிக்கவில்லை. அவர் குரல் உடைந்திருந்தது.

“இருபது வருஷமா சேத்து வச்ச மரியாத. ஒரு நிமிஷத்துல தெருவுல கொட்டிட்ட. நாளைக்கு இவளுக்கு எவன் வருவான்? உன் பொண்ணு வாழ்க்கைய நீயே முடிச்சிட்ட, தெரியுதா?”

“அவ உயிரோட இருந்தா வாழ்க்கையப் பத்திப் பேசிக்கலாங்க” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குடி நடக்கவில்லை. காண்ட்ராக்டர் குடிப்பதை விட்டுவிடவில்லை. இடத்தை மாற்றிக்கொண்டார். பெயிண்டரின் சாமான் கொட்டகையில் சாயங்காலங்கள் தொடர்ந்தன. வீட்டுக்கு வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூத்தவனிடம் சொன்னார். அவருடைய அக்கா நேரிலேயே வந்து, தம்பி வெளியில் போய்க் குடிக்கும்படி ஆக்கிவிட்டாளே என்று அழுதாள். தெருவில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கடையில் நின்றால், “அதோ, குடிகாரப் பொண்ணோட அம்மா” என்று பின்னால் கேட்கும். வாலு அந்த நெடியையே மறக்கத் தொடங்கியிருந்த மாதங்கள் அவை. தினமும் ராத்திரி தள்ளாடிக்கொண்டு அதே தெருவழியாக நடந்து வந்த காண்ட்ராக்டரை யாரும் குடிகாரர் என்று சொன்னதில்லை. “பாவம், வீட்ல நிம்மதி இல்ல மனுஷனுக்கு” என்றுதான் சொன்னார்கள்.

நடுவில் ஒருதரம் வாலு சறுக்கினாள். தோழி வீட்டில், ஒரு மதியம். வந்ததும் தானே அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவளை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் அதைச் சொன்னபோது, முடிவெட்டுபவர், “சொன்னியே, அதுவே பெரிசு” என்றார். மூத்தவன் இப்போதெல்லாம் யாரும் இழுக்காமலே வந்தான். அவனுக்கும் சொல்ல நிறைய இருந்தது.

ஒரு சனிக்கிழமை அவர்கள் போனபோது, எக்ஸ்ரே அறைக்கு அருகில் ஹார்டுவேர் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு அவர்களுடைய மகன். மேலுதட்டில் அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது, புருவத்தின் மேல் தையல் போட்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் கடைக்காரர் மறுபக்கம் திரும்பப் பார்த்தார். திரும்பினால் சுவர்தான் இருந்தது.

“பைக்கோட போய் விழுந்துட்டான்” என்றார். பிறகு, அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். “குடிச்சிட்டு.”

“உள்ள வாங்க. நல்லாப் பாப்பாங்க” என்றாள் அம்மா. அவருடைய மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு விடாமல் நின்றாள்.

கடைக்காரர் குரலைத் தணித்தார். “தங்கச்சி, ஒரு உதவி. நான் இங்க வந்தத உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கொட்டகையில தெரிஞ்சுதுன்னா என்னக் கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க. அவருகூட நேத்து சொல்லிட்டிருந்தாரு, என்னதான் இருந்தாலும் எம்பொண்ணு ஊத்துற மாதிரி வராதுன்னு.”

வாலு பதில் சொல்வாள் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை.

“நாங்க சொல்ல மாட்டோம் மாமா” என்றாள் வாலு. “நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அவர் கேப்பாரு.”

கடைக்காரர் அவளைப் பார்த்தார். எத்தனையோ சாயங்காலங்கள் அவள் கையிலிருந்து வாங்கியவர், முகத்தை அன்றுதான் பார்த்தார் போலிருக்கிறது.

அறைக்குள் வட்டம் நிரம்பியிருந்தது. உள்ளே போனவர் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவருகிலேயே நின்று, பழக்கதோஷத்தில் வாலுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

“மூலையில அடுக்கி வச்சிருக்கு மாமா” என்றாள். “இங்க அவங்கவங்க நாற்காலிய அவங்கவங்களே எடுத்துப் போட்டுக்கணும்.”